காகிதப் பொம்மையும் கடைக்காரரும்

ஏப்ரல், மே இரண்டு மாதமும் நோட்டுப்புத்தக வியாபாரத்துக்கு மந்தமான மாதங்கள் என்பது நமது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. ஜூன் மாதத்துக்கான சரக்கை அடுக்கி வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். மறைமலை நகரில் காகித மொத்த வியாபாரம் செய்து வரும் நாம், சில ஆண்டுகளாக இந்த மாதங்களில் ஒரு மாற்றத்தைக் கண்டு வருகிறோம். நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லரைக் கடைக்காரர்கள் கெட்டி வெள்ளைக் காகிதத்தைக் கட்டுக் கட்டாகக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். எதற்கென்று விசாரித்தால், "பிள்ளைங்க கார்ட்டூன் பொம்மை செய்யுதுங்க அண்ணாச்சி" என்று பதில் வருகிறது.

காகிதத்தை வெட்டாமல் மடித்தே கொக்கு, படகு செய்யும் கலை வேறு. இது வேறு. ஒரு உருவத்தைப் பிரித்து விரித்தாற்போல் தாளில் அச்சிட்டு, கோட்டின் மேல் வெட்டி, மடித்து, ஓரத்தில் விட்டிருக்கும் நாக்கில் பசை தடவி ஒட்டினால் கையளவு உருவம் எழுந்து நிற்கும். சோட்டா பீம், டோரேமான் எல்லாம் இப்படித்தான் மேசைக்கு வருகிறார்கள்.

செய்பவர்கள் சிறுவர்கள் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சுட்டி டி.வி. 2007ல் தொடங்கியது. சோட்டா பீம் 2008ல் வந்தது. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள், தங்கள் மேசை மீது வைக்கத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் அவன் தோளில் தொங்கும் வேதாளமும் நமக்கு மறக்குமா? 1972ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியைக் கேட்டு வரும் நரைத்த தலைகளையும் பார்த்திருக்கிறோம்.

இந்தத் தொழில் புதிதும் அல்ல. ஜெர்மனியில் எஸ்லிங்கன் ஊரின் ஷ்ரைபர் பதிப்பகம் 1831ல் தொடங்கியது. வெட்டி ஒட்டும் கோட்டைகளையும் வீடுகளையும் அச்சிட்டு விற்றே பெயர் வாங்கிய நிறுவனம் அது. போலந்தில் 1957 முதல் இதற்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. அந்நாட்களில் உருவத்தைத் தாளில் விரித்து வரைய ஒரு நிபுணர் வேண்டும். பின்னால் ஜப்பானில் 'பெப்பகூரா' என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள எந்த உருவத்தையும் அது துண்டு துண்டாகத் தாளில் விரித்துக் கொடுத்துவிடும். யமஹா நிறுவனம்கூடத் தன் மோட்டார் சைக்கிள்களின் காகித மாதிரிகளைப் பல ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்து, 2018ல் நிறுத்திக்கொண்டது. அதே யமஹாவுக்கு நமக்கு அருகில் ஒரகடம் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலை இருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை சட்டென்று பிடிபடுவதற்கு ஒரு காரணம் உண்டு. தகட்டை வெட்டி மடித்து வண்டி செய்கிற ஊர் இது. போர்டு கார் தொழிற்சாலை 2022ல் உற்பத்தியை நிறுத்திய பிறகும், பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த கை மறந்துவிடுமா? அப்படிப்பட்ட ஒருவர் மகனோடு வந்தார். பையன் நீட்டிய படத்தைப் பார்த்ததும், "இந்த மடிப்பை முதல்ல மடிச்சா அந்த மூலையில கை போகாது, வரிசையை மாத்து" என்றார். நமக்கு அது தோன்றவே இல்லை.

இனி வியாபாரத்துக்கு வருவோம். இதில் கடைக்காரர் காகிதத்தைத் தெரிந்து விற்றால் வாடிக்கையாளர் திரும்ப வருவார். சாதாரண ஜெராக்ஸ் காகிதம் 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். அதில் செய்த பொம்மை மின்விசிறிக் காற்றுக்கே குப்புற விழும். 160 முதல் 200 வரை உள்ளதே சரி. அதற்கு மேல் போனால் பல வீட்டுப் பிரின்டர்கள் இழுக்காமல் சிக்கிக்கொள்ளும், சிறு மடிப்புகளில் வெடிப்பும் விழும். கல்யாணப் பத்திரிகை அட்டை பளபளப்பாக இருக்கிறதே என்று எடுத்துக் கொடுக்க வேண்டாம். வழவழப்பான மேல்பூச்சில் பசை பிடிக்காது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 160 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 10 கிராம் இருக்க வேண்டும். பத்துத் தாளைச் சிறு மின்தராசில் வைத்தால் 100 கிராம் காட்ட வேண்டும். 90 கிராம்தான் காட்டுகிறது என்றால் உங்களுக்கு வந்திருப்பது 144. ஒன்றிரண்டு கிராம் ஏற இறங்க இருப்பது இயல்பு, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் பத்து கிராம் குறைந்தால் ஆண்டர்சன் தெருவில் வாங்கியிருந்தாலும் சரி, நம்மிடமே வாங்கியிருந்தாலும் சரி, திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது நார் ஓடும் திசை. காகிதம் மில்லில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடும். தாளை இரு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறு பக்கம் முரண்டு பிடிக்கும். எளிதில் சுருளும் பக்கமாகவே கை, கால் குழாய்களைச் சுருட்ட வேண்டும். மடிக்குமுன் மை தீர்ந்த பேனாவால் கோட்டின் மேல் ஒருமுறை அழுத்தி இழுத்தால் மடிப்பு நூல் பிடித்தாற்போல் வரும். பெவிகாலை அப்பினால் தாள் ஊறிச் சுருங்கும், தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தால் போதும். இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டால் கசியும், லேசர் அச்சு மடிப்பில் உதிரும். உதிர்ந்த வெள்ளைக் கோட்டை அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் தீட்டிவிடலாம். ஒரு தாள் வாங்க வந்தவரிடம் இவ்வளவும் சொன்னால் பசையும் ஸ்கெட்ச் பேனாவும் சேர்ந்தே விற்கும்.

முதல்முறை செய்பவருக்கு ஸ்பாஞ்ச்பாப் போல் பெட்டி வடிவ உருவத்தையே சொல்லுங்கள். டோரேமானின் உருண்டைத் தலையைக் காகிதத்தில் கொண்டுவரப் பூசணிக் கீற்றுப் போலப் பல கீற்றுகள் வெட்டி ஒட்ட வேண்டும். பழகாத பிள்ளை அழுதுவிடும்.

இப்போது எச்சரிக்கை. வெளியூர் வியாபாரி ஒருவர் சோட்டா பீம் முதலிய உருவங்களை வண்ணத்தில் அச்சிட்ட தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். விலை மலிவு, பில் கிடையாது. நாம் எடுக்கவில்லை. பக்கத்து ஊர்களில் சிலர் எடுத்ததாக அறிகிறோம், ஆகவே இதை விரிவாகவே எழுதுகிறோம்.

கார்ட்டூன் உருவம் அதை உருவாக்கியவரின் சொத்து. சோட்டா பீம் ஐதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்துடையது. அனுமதியில்லாமல் அச்சிட்டு விற்றால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிள்ளை தன் வீட்டு உபயோகத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்வதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. அதையே நாம் ஐம்பது பிரதி எடுத்துக் கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் கதை வேறு. தெனாலிராமன், விக்கிரமாதித்தன் எல்லோருக்கும் பொதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கதை பொது, ஒருவர் வரைந்த படம் பொது அல்ல. ஓவியருக்குப் பின் அறுபது ஆண்டுகள் உரிமை நிற்கும். சங்கர் மறைந்தது 2020ல்தான். உள்ளூர் ஓவிய ஆசிரியர் ஒருவருக்குக் கூலி கொடுத்து, உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, புதிதாகத் தெனாலிராமன் வரைந்து விற்றால் யாரும் கேட்க முடியாது.

இரண்டாவது சட்டம் பலருக்குத் தெரியவில்லை. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வெறும் காகிதம் பொம்மை ஆகாது. ஆனால் வெட்டிய தாள்களையும் பசையையும் பெட்டியில் போட்டு 'குழந்தைகளுக்கான பொம்மை செட்' என்று எழுதி விற்றால் அதிகாரி பொம்மை என்றே கொள்வார். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை போன்றவற்றுக்கும் விலக்கு உண்டு. நமது கடைகளுக்கு இல்லை. ஆகவே காகிதத்தைக் காகிதமாகவும், பசையைப் பசையாகவும் தனித்தனியே பில் போட்டு விற்பதே நமது வழி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியிருப்பதால், எதற்கு எவ்வளவு என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும்.

கோடைக்கு அடுத்தபடியாக இந்தக் காகிதம் ஓடுவது கொலு சமயத்தில். காகிதக்கூழ் தசாவதார செட்டுக்குப் பக்கத்தில் பூங்கா வைத்து, அதில் வீடு, ரயில் நிலையம், கூடவே பேரப்பிள்ளைக்காக ஒரு கார்ட்டூன் உருவம் என்று அடுக்குமாடி வீடுகளில் இப்போது வழக்கமாகிவிட்டது. கூடுவாஞ்சேரி, பொத்தேரிப் பக்கமிருந்தெல்லாம் கேட்டு வருகிறார்கள். பச்சை, பழுப்பு வண்ணக் கெட்டித் தாள்கள் அப்போது தட்டுப்படும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் காகிதம் ஈரத்தை இழுத்து ஓரம் சுருண்டுவிடும் என்பதால், மீந்த கட்டுகளைப் பிரிக்காமல் சுவரிலிருந்து தள்ளிப் பலகை மேல் வைக்கவும். கொலுவுக்கு வேண்டிய சரக்கை ஆவணி முடிவதற்குள் எடுத்துக்கொள்வது நலம்.