ஒரே அடியில் ஆட்டத்தைத் திருப்புங்கள்! போக்கிமான் போட்டியில் ‘ரிவெஞ்ச் கில்லர்’

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, "இதில் என்ன கேம் இருக்கிறது?" என்பதுதான். கேம் என்றதும் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும், பல கிகாபைட் டவுன்லோட் செய்ய வேண்டும், பணம் கட்ட வேண்டும் என்ற பயம் பெற்றோருக்கு வந்துவிடுகிறது. இவை எதுவும் தேவைப்படாத, ஆனால் செஸ் போல மூளைக்கு வேலை கொடுக்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது. அதுதான் ‘போக்கிமான் ஷோடவுன்’. பிரவுசரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால் போதும்.

இதில் புதிதாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தோற்கிறார்கள். எதிராளி ஒரு போக்கிமானை இறக்குவார். அது ஒருமுறை ‘நடனம்’ ஆடித் தன் பலத்தையும் வேகத்தையும் கூட்டிக் கொள்ளும். பிறகு உங்கள் அணியில் உள்ள ஆறையும் வரிசையாக வீழ்த்திவிட்டுப் போகும். இதைத் தடுக்கும் வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில வரிகள்

போக்கிமான் விளையாட்டை ஜப்பானின் கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கியது. 1996-ல் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக ‘ரெட்’, ‘கிரீன்’ என இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட போக்கிமான்கள் உள்ளன. நெருப்பு, நீர், பாறை, நிலம், டிராகன் என மொத்தம் 18 வகைகள். ஒரு வகைக்கு இன்னொரு வகை பலவீனம். இந்தச் சண்டையை மட்டும் தனியே எடுத்து, 2011-ல் பிரவுசரில் ஆடும்படி இலவசமாகத் தந்ததுதான் போக்கிமான் ஷோடவுன்.

இதில் இருவர் மோதுவார்கள். ஆளுக்கு ஆறு போக்கிமான்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ஒரே சமயத்தில் தங்கள் மூவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் போக்கிமானின் வேகம் அதிகமோ அது முதலில் அடிக்கும். அடி வாங்கியது விழுந்துவிட்டால், அது திருப்பி அடிக்க முடியாது. எனவே வேகம் இருந்தால் அதுவே கவசம் போல.

‘ரிவெஞ்ச் கில்லர்’ என்றால் என்ன?

உங்கள் போக்கிமான் ஒன்று விழுந்துவிட்டது. உடனே அடுத்ததை இறக்கும்படி கம்ப்யூட்டர் கேட்கும். இப்படி இறங்கும் போக்கிமானுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அது இறங்கும்போது அடி வாங்குவதில்லை. அடுத்த சுற்றில் எதிரியைவிட வேகமாக இருந்து, ஒரே அடியில் வீழ்த்தும் பலமும் இருந்தால், விழுந்த நண்பனுக்காகப் பழி தீர்த்துவிடலாம். இதைச் செய்கிறவரைத்தான் ‘ரிவெஞ்ச் கில்லர்’ என்கிறார்கள்.

இதற்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று, வேகத்தைக் கூட்டிக் கொண்ட எதிரியையும் முந்த வேண்டும். இரண்டு, அடித்தால் எதிரி எழுந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் இந்த வேலை நடக்காது.

ஒரு துண்டின் மகிமை

முதல் தகுதியைக் கொடுப்பது ‘சாய்ஸ் ஸ்கார்ஃப்’ என்ற ஐட்டம். 2006-ல் வந்த ‘டைமண்ட்’, ‘பேர்ல்’ பதிப்புகளில் இது அறிமுகமானது. இந்தத் துண்டை அணிந்த போக்கிமானின் வேகம் ஒன்றரை மடங்காகும். இலவசமாக இல்லை. முதலில் எந்த மூவைப் பயன்படுத்துகிறீர்களோ, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். போக்கிமானைத் திரும்ப அழைத்து வேறொன்றை இறக்கினால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

துண்டை யாருக்குக் கொடுப்பது? மிக மெதுவானதற்குக் கொடுத்தால் ஒன்றரை மடங்கும் போதாது. ஏற்கெனவே மிக வேகமானதற்குத் துண்டு பெரும்பாலும் தேவையில்லை. நடுத்தரத்துக்குச் சற்று மேலே வேகமும், நல்ல தாக்குதல் பலமும் உள்ளவை பொருத்தமானவை. நல்ல உதாரணம் கார்ச்சோம்ப். இது டிராகன், நிலம் ஆகிய இரு வகைகளைச் சேர்ந்தது. அடிப்படைத் தாக்குதல் 130, அடிப்படை வேகம் 102.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

லெவல் 100-ல் வேகத்தைக் கணக்கிடும் வழி எளிது. அடிப்படை வேகத்தை இரண்டால் பெருக்குங்கள். அதனுடன் 31 (பிறவியிலேயே வரும் ஐ.வி. மதிப்பின் உச்சம்), 63 (பயிற்சியால் வரும் இ.வி. 252-ல் நான்கில் ஒரு பங்கு), 5 ஆகியவற்றைக் கூட்டுங்கள். கார்ச்சோம்ப்புக்கு 204 + 31 + 63 + 5 = 303. இதற்கு ‘ஜாலி’ என்ற இயல்பைக் கொடுத்தால் வேகம் 10 சதவீதம் கூடி 333 ஆகும். துண்டையும் கட்டினால் 499. பின்னங்களை விட்டுவிட வேண்டும்.

இப்போது எதிரியைப் பாருங்கள். வால்கரோனா என்ற பூச்சி-நெருப்பு வகைப் போக்கிமான், ‘குவிவர் டான்ஸ்’ என்ற நடனம் ஆடுவதில் பெயர் பெற்றது. ஒருமுறை ஆடினால் அதன் சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் மூன்றும் ஒன்றரை மடங்காகும். அதன் அடிப்படை வேகம் 100. அதிகபட்ச வேகம் 328. ஒரு நடனத்துக்குப் பின் 492.

499-க்கும் 492-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 7. ஆனால் உங்கள் ஆட்டம் பிழைப்பது இந்த 7-ல்தான். பலம் அதிகம் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஜாலிக்குப் பதிலாக ‘அடமண்ட்’ இயல்பைக் கொடுத்தால், தாக்குதல் 359-லிருந்து 394 ஆக உயரும். ஆனால் துண்டுடன் வேகம் 454-தான். வால்கரோனா முந்திக் கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வால்கரோனா இரண்டாவது முறையும் ஆடிவிட்டால் அதன் வேகம் இரண்டு மடங்காகி 656 ஆகும். அப்போது துண்டு கட்டிய கார்ச்சோம்ப்பும் பயன்படாது. எனவே முதல் நடனம் முடிந்த உடனே கணக்குத் தீர்க்க வேண்டும். "இன்னும் ஒரு சுற்று பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள்.

எந்த அடி?

பாறை வகைத் தாக்குதல் பூச்சிக்கும் இரு மடங்கு, நெருப்புக்கும் இரு மடங்கு. இரண்டும் சேர்ந்து வால்கரோனாவுக்கு நான்கு மடங்கு. கார்ச்சோம்ப் கற்றுக் கொள்ளும் பாறை மூவ்கள் இரண்டை ஒப்பிடுங்கள்.

• ஸ்டோன் எட்ஜ்: பலம் 100, துல்லியம் 80 சதவீதம்.
• ராக் ஸ்லைடு: பலம் 75, துல்லியம் 90 சதவீதம்.

பலம் அதிகம் என்று ஸ்டோன் எட்ஜைத்தான் எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் உயிர்ப்புள்ளிக்கும் தற்காப்புக்கும் பயிற்சி பெறாத வால்கரோனாவின் உயிர்ப்புள்ளிகள் 311. ஜாலி கார்ச்சோம்ப்பின் ராக் ஸ்லைடு கொடுக்கும் குறைந்தபட்ச சேதமே 468. அதுவே தாராளம். ஸ்டோன் எட்ஜ் ஐந்தில் ஒருமுறை தவறும். ராக் ஸ்லைடு பத்தில் ஒருமுறைதான் தவறும். கடைசி நேரத்தில் வேண்டியது தவறாத அடி. தேவைக்கு மேற்பட்ட பலம் வீண்தான்.

டீமை அமைப்பது எப்படி?

1. பிரவுசரில் போக்கிமான் ஷோடவுன் தளத்தைத் திறந்து, மேலே வலது பக்கம் உள்ள பட்டனை கிளிக் செய்து ஒரு புனைபெயரைக் கொடுங்கள்.
2. இடது பக்கம் உள்ள ‘டீம்பில்டர்’ பட்டனை கிளிக் செய்து புதிய டீம் ஒன்றைத் தொடங்குங்கள். எந்தப் பிரிவில் ஆடப் போகிறீர்கள் என்பதை ‘ஃபார்மட்’ பட்டியலில் தேர்வு செய்யுங்கள்.
3. ‘ஆட் போக்கிமான்’ கொடுத்து, பெயரின் முதல் சில எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்தாலே பட்டியல் வந்துவிடும். கார்ச்சோம்ப்பைத் தேர்வு செய்யுங்கள்.
4. ஐட்டம் கட்டத்தில் சாய்ஸ் ஸ்கார்ஃப், திறமைக் கட்டத்தில் ரஃப் ஸ்கின் கொடுங்கள்.
5. மூவ்களாக எர்த்க்வேக், அவுட்ரேஜ், ராக் ஸ்லைடு, ஃபயர் ஃபேங் ஆகியவற்றைக் கொடுங்கள்.
6. ‘ஸ்டாட்ஸ்’ பகுதியில் தாக்குதலுக்கு 252, வேகத்துக்கு 252, மீதி 4-ஐ தற்காப்புக்குக் கொடுங்கள். இயல்பு ஜாலி.
7. மற்ற ஐந்தையும் சேர்த்தபின் ‘வேலிடேட்’ பட்டனை அழுத்துங்கள். அந்தப் பிரிவின் விதிகளுக்கு டீம் பொருந்துகிறதா என்று அது சொல்லிவிடும். எந்தப் பிரிவில் எதற்குத் தடை என்பது அவ்வப்போது மாறுவதால் இந்தச் சோதனை அவசியம்.

ஆடும்போது கவனிக்க வேண்டியவை

அவசரப்பட்டு இறக்காதீர்கள். ஆட்டம் தொடங்கும்போது இருவரின் ஆறு போக்கிமான்களும் திரையில் தெரியும். ஆனால் எது என்ன ஐட்டம் வைத்திருக்கிறது என்பது தெரியாது. இந்த ரகசியம்தான் உங்கள் முதலீடு. தன்னைவிட வேகமான ஒன்றை கார்ச்சோம்ப் முந்தி அடித்த மறுகணம், துண்டு இருப்பதை எதிராளி புரிந்து கொள்வார்.

மவுஸைப் பயன்படுத்துங்கள். எதிராளியின் போக்கிமான் மேல் மவுஸ் அம்பைக் கொண்டு போய் நிறுத்தினால், அதன் வேகம் எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்று காட்டும். இது ஐட்டம் போன்றவற்றைச் சேர்க்காத எண். எதிரி ஒருமுறை நடனம் ஆடியிருந்தால் உச்ச எண்ணை ஒன்றரையால் பெருக்கிப் பாருங்கள். உங்கள் 499-க்குக் கீழே இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

எதை இழப்பது என்று யோசியுங்கள். கார்ச்சோம்ப் அடி வாங்காமல் இறங்க, களத்தில் உள்ள ஒன்று விழ வேண்டியிருக்கும். ஏற்கெனவே குற்றுயிராக இருப்பதை, இனி பெரிய வேலை இல்லாததை விட்டுக் கொடுங்கள். ‘யூ-டர்ன்’ என்ற மூவ் தெரிந்த மெதுவான போக்கிமான் இருந்தால் இன்னும் நல்லது. அது எதிரியின் அடியைத் தாங்கிக் கொண்டு, பின்னர் அடித்துவிட்டுத் திரும்பி வரும். கார்ச்சோம்ப் முழு உயிருடன் இறங்கும்.

அடித்த பிறகு என்ன? வால்கரோனா விழுந்துவிட்டது. ஆனால் நீங்கள் ராக் ஸ்லைடில் பூட்டப்பட்டிருக்கிறீர்கள். எதிராளி நிலம்-ஸ்டீல் வகையான எக்ஸ்கட்ரில்லை இறக்குவார். பாறை அதன்மேல் கால் பங்குதான் வேலை செய்யும். நீங்கள் அப்படியே நின்றால் அது ‘ஸ்வோர்ட்ஸ் டான்ஸ்’ ஆடித் தன் தாக்குதலை இரு மடங்காக்கிக் கொள்ளும். ஒன்றைக் கொன்று இன்னொன்றை வளர்த்த கதையாகிவிடும். வேலை முடிந்ததும் கார்ச்சோம்ப்பைத் திரும்ப அழைப்பதற்குத் தயங்காதீர்கள்.

எர்த்க்வேக்கில் பூட்டப்பட்டாலும் இதே ஆபத்துதான். பறக்கும் வகையைச் சேர்ந்த கியாரடோஸ், டிராகனைட் போன்றவற்றை அது தொடவே தொடாது. அவுட்ரேஜ் பலமானது. ஆனால் இரண்டு, மூன்று சுற்றுகளுக்கு நீங்கள் வெளியே வர முடியாது; முடிவில் குழப்பமும் பிடித்துக் கொள்ளும். 2013-ல் வந்த ‘ஃபேரி’ வகைக்கு டிராகன் அடி படாது. எதிராளியின் ஃபேரி உயிரோடு இருக்கும்வரை அவுட்ரேஜைத் தொடாதீர்கள்.

துண்டு எப்போது தோற்கும்?

• முடக்கம் ஏற்பட்டால் வேகம் பாதியாகிவிடும்.
• ‘நாக் ஆஃப்’ பட்டால் துண்டே பறிபோகும்.
• ‘ட்ரிக் ரூம்’ போட்டால் 5 சுற்றுகளுக்கு மெதுவானதுதான் முதலில் அடிக்கும். அப்போது உங்கள் வேகமே உங்களுக்கு எதிரி.
• 2022-ல் வந்த ‘ஸ்கார்லெட்’, ‘வயலட்’ பதிப்புகளின் விதிப்படி, ‘டெரா’ மூலம் போக்கிமான் தன் வகையையே மாற்றிக் கொள்ளலாம். வால்கரோனா நீர் வகையாகிவிட்டால் நான்கு மடங்கு பலவீனம் மறைந்து, உங்கள் அடியைத் தாங்கிவிடும். எதிராளி டெராவைச் செலவழித்துவிட்டாரா என்று பாருங்கள்.

இதனால், துண்டை மட்டும் நம்பாமல், வேகம் பார்க்காமல் முதலில் அடிக்கும் மூவ் உள்ள ஒன்றையும் அணியில் வையுங்கள். டிராகனைட்டின் ‘எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு’, சிஸரின் ‘புல்லட் பஞ்ச்’ ஆகியவை இந்த ரகம். எதிரி எத்தனை முறை நடனம் ஆடியிருந்தாலும் இவை சாதாரண மூவ்களுக்கு முன்னால் போய் விழும். ஆனால் பலம் குறைவு என்பதால், எதிரியை முன்பே கொஞ்சம் காயப்படுத்தி வைத்திருக்க வேண்டும். அதற்கு ‘ஸ்டெல்த் ராக்’ உதவும். களத்தில் இதைப் பரப்பி வைத்தால், வால்கரோனா உள்ளே வரும்போதே பாதி உயிரை இழந்துவிடும்.

டீமை பேக்கப் எடுங்கள்!

மணிக்கணக்கில் உட்கார்ந்து அமைத்த டீம் உங்கள் பிரவுசரில்தான் சேமிக்கப்படுகிறது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று பிரவுசர் டேட்டாவை அழித்தால் டீமும் சேர்ந்து அழிந்துவிடும். டீம்பில்டரில் ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ பட்டனை அழுத்தினால் முழு டீமும் வெறும் டெக்ஸ்டாக வரும். அதை காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து, ஒரு ஃபைலாகச் சேமித்துக் கொள்ளுங்கள். வேறு கம்ப்யூட்டரில் ஆடும்போதும் இதே ஃபைல் கைகொடுக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்தத் தளத்தில் முன்பின் தெரியாதவர்களும் பேசும் சாட் அறைகள் உண்டு. பிள்ளைகள் உண்மைப் பெயர், பள்ளி, போன் நம்பர், வேறு இடத்தில் பயன்படுத்தும் பாஸ்வேர்டு எதையும் அங்கே கொடுக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

புதியவர்கள் எடுத்த எடுப்பில் டீம் அமைத்துத் தலையை உடைத்துக் கொள்ள வேண்டாம். முதலில் ‘ரேண்டம் பேட்டில்’ பிரிவில் பத்து ஆட்டங்கள் ஆடுங்கள். அங்கே கம்ப்யூட்டரே டீம் கொடுத்துவிடும். வகைகளும் வேகங்களும் பழகிய பின், மேலே சொன்ன கார்ச்சோம்ப்பை அமைத்து இறங்குங்கள். தோற்ற ஆட்டத்தின் ‘ரீப்ளே’யை டவுன்லோட் செய்து, எந்தச் சுற்றில் எதிரியின் முதல் நடனத்தைத் தடுக்காமல் விட்டீர்கள் என்று பாருங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்தச் சுற்று வரும்போது உங்கள் விரல் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பது தானாகவே தெரியும்.