மெல்லிய ஓட்டக் காலணிக்கு மாறுகிறீர்களா? 10 வாரங்கள் போதாது
மெத்தை இல்லாத, மெல்லிய அடிப்பாகம் கொண்ட 'மினிமலிஸ்ட்' ஓட்டக் காலணிகளுக்கு விரைவாக மாறுவது பாத எலும்புகளைப் பாதிக்கக் கூடும்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டப் பழக்கம் உள்ள 36 பேர் பங்கேற்றனர். அவர்களில் 19 பேர் இவ்வகைக் காலணிக்கு 10 வாரங்களில் படிப்படியாக மாறினர். முடிவில், 10 பேருக்குப் பாத எலும்பு மஜ்ஜையில் வீக்கம் அதிகரித்திருந்தது எம்ஆர்ஐ பரிசோதனையில் தெரியவந்தது.

காரணம் என்ன?

இக்காலணி அணிவோர் பலர் முன்பாதத்தை முதலில் ஊன்றுகின்றனர். இதனால் முழங்காலின் சுமை குறைந்து, கெண்டைக்கால் தசைக்கும் பாத எலும்புகளுக்கும் சுமை கூடுகிறது. புதிய சுமைக்கு எலும்பு பழக, தசையைவிட அதிக காலம் தேவை.

எனவே முதலில் நடைப்பயிற்சி, பின்னர் குறுகிய தூர ஓட்டம் எனப் பல மாதங்களில் மாறுவதே பாதுகாப்பானது. பாதத்தில் வலி நீடித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும்.