சட்டம் வார்த்த பிம்பம்

அமெரிக்கத் திரைப்படங்களிலும் இசைக் காணொளிகளிலும் கறுப்பினப் பெண் அடங்காத காமம் கொண்டவளாகவும் எவருக்கும் எளிதில் இணங்குபவளாகவும் காட்டப்படுவதை ரசனைக் குறைவு என்று சொல்லிக் கடந்துபோவோர் உண்டு. ஒரு கூட்டத்தார் அனைவரையும் ஒரே அச்சில் ஊற்றி எடுக்கும் இத்தகைய வார்ப்புப் பிம்பங்கள் அறியாமையால் பிறந்தவை என்றும், பழகினால் தாமே மறைந்துவிடும் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பிம்பம் திரையரங்குகள் தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, அடிமைகளை வைத்திருந்தோரின் சொத்துக் கணக்கோடு சேர்ந்து உருவாகத் தொடங்கியது.

ஆங்கிலேயரின் மரபுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைப் பின்பற்றியது. வட அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவின் சட்டமன்றம் 1662ஆம் ஆண்டில் இதைத் தலைகீழாக மாற்றி, தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று விதித்தது. அடிமைப் பெண்ணுக்குத் தன்னால் பிறக்கும் குழந்தையைப் பேணும் கடமை எஜமானனுக்கு இல்லாமற்போனதோடு, அந்தக் குழந்தை அவனுடைய உடைமைப் பட்டியலிலும் சேர்ந்துகொண்டது. 1808ஆம் ஆண்டு முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு அமெரிக்கா தடை விதித்த பின்னர், அமெரிக்க மண்ணிலேயே பிறக்கும் ஒவ்வொரு அடிமைக் குழந்தைக்கும் சந்தை மதிப்பு கூடியது. வன்கொடுமையே வருமானமாகிவிட்ட இந்த ஏற்பாடு, தேவாலயத்துக்குத் தவறாமல் செல்லும் கனவான்களின் மனச்சாட்சியை உறுத்தாமலிருக்க ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அவளே விரும்பி அழைக்கிறாள் என்பதுதான் அந்த விளக்கம். பழைய ஏற்பாட்டில் ஆகாப் மன்னனின் மனைவியாக வந்து, சாகும் வேளையிலும் கண்ணுக்கு மையிட்டுத் தலையைச் சிங்காரித்துக்கொண்ட யேசபேலின் பெயரை இந்தப் பிம்பத்துக்கு வரலாற்றாசிரியர்கள் வழங்கியிருக்கிறார்கள்.

பிம்பமும் சட்டமும் எப்படி ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதற்கு மிசௌரி மாநிலத்தில் 1855ஆம் ஆண்டு நடந்த சீலியா வழக்கு சான்றாகிறது. ஏறத்தாழ பதினான்கு வயதிருந்தபோது ராபர்ட் நியூசம் என்ற பண்ணையாரால் விலைக்கு வாங்கப்பட்ட சீலியாவை, அவன் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு மீண்டும் தன் குடிசைக்கு வந்தவனை அவள் தடியால் அடித்துக் கொன்றாள். மிசௌரியின் 1845ஆம் ஆண்டுச் சட்டம் ‘எந்தப் பெண்ணையும்’ அவள் விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்துவது குற்றம் என்று சொல்வதால், அந்தச் சொற்களுக்குள் அடிமைப் பெண்ணும் அடங்குவாள் என்றும், எனவே தன்னைக் காத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்றும் அவளுடைய வழக்கறிஞர்கள் வாதிட்டனர். அவ்வாறு கருதலாம் என்று நடுவர் குழுவுக்கு எடுத்துரைக்க நீதிபதி மறுத்துவிட்டார். 1855 டிசம்பர் 21 அன்று சீலியா தூக்கிலிடப்பட்டாள். இணங்க மறுக்கும் உரிமை ஒருத்திக்கு இருப்பதாக நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருந்தால், அவளைப் போன்ற அத்தனை பேரும் எஜமானனின் உடைமை என்ற அடித்தளமே ஆட்டங்கண்டிருக்கும். நீதிபதியின் மறுப்பை இந்தக் கோணத்தில்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

கறுப்பினப் பெண் அடங்காத காமம் கொண்டவள் என்ற இதே எண்ணத்துக்கு ஐரோப்பாவில் அறிவியலின் முத்திரை கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் 1810இல் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, அவருடைய உடலமைப்பே வேடிக்கைப் பொருளாகக் காட்டப்பட்டது. 1815இல் பாரிசில் அவர் இறந்ததும் உடலை அறுத்து ஆராய்ந்த உயிரியல் அறிஞர் ஜார்ஜ் குவியே, ஆப்பிரிக்கப் பெண்ணை விலங்குக்கு அருகில் நிறுத்தும் வகையில் தம் முடிவுகளை எழுதினார். பார்ட்மனின் எலும்புக்கூடு 1970கள் வரையில் பாரிஸ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தது. 2002இல்தான் அது தாய்மண்ணில் அடக்கமாயிற்று.

யேசபேலுக்கு நேர் எதிரான இன்னொரு பிம்பமும் கூடவே வளர்ந்தது. பருத்த உடலும் தலையில் கட்டிய துணியுமாக, தனக்கென்று ஆசையோ குடும்பமோ இல்லாதவளாக, வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளைச் சீராட்டும் ‘மம்மி’ என்ற பணிப்பெண்தான் அது. ‘கான் வித் த விண்ட்’ திரைப்படத்தில் இந்த வேடத்தை ஏற்ற ஹாட்டி மெக்டானியல், 1940இல் ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரானார். விருது விழாவிலோ அவருக்குத் தனி மேசைதான் ஒதுக்கப்பட்டது. காமமே உருவானவள், காமமே அற்றவள் என்ற இரண்டுக்கும் நடுவே, விரும்பவும் மறுக்கவும் தெரிந்த சாதாரணப் பெண்ணுக்கு இடமில்லாமற்போனது. இவற்றைச் சமூகவியலாளர் பட்ரீசியா ஹில் காலின்ஸ் கட்டுப்படுத்தும் பிம்பங்கள் என்று அழைக்கிறார். ஒரு பிரிவினர் ஒடுக்கப்படுவதை இயல்பானதாகத் தோன்றச் செய்யும் பிம்பங்கள் என்பது அதன் பொருள்.

இந்த அவதூறு கறுப்பினப் பெண்களை அமைப்பாகத் திரளவும் வைத்தது. 1895இல் மிசௌரியைச் சேர்ந்த ஒரு பத்திரிகையாளர், கறுப்பினப் பெண்கள் அனைவரும் ஒழுக்கங்கெட்டவர்கள், திருடிகள் என்று இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். அதற்கு மறுமொழியாக பாஸ்டனில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாக, மறு ஆண்டே கறுப்பினப் பெண்களின் தேசிய சங்கம் பிறந்தது. அப்பழுக்கற்ற நடத்தையும் அடக்கமான உடையுமே அவதூறுக்குத் தக்க பதில் என்று அதன் தலைவியர் கருதினர். தம் அந்தரங்க வாழ்வை வெளியார் பார்வைக்கு எட்டாமல் மறைத்துக்கொள்வதும் அக்காலப் பெண்கள் பலருக்குத் தற்காப்பாயிற்று என்று வரலாற்றாசிரியர் டார்லீன் கிளார்க் ஹைன் விளக்கியிருக்கிறார். அந்தச் சூழலில் வேறு வழி என்ன இருந்தது என்று கேட்கலாம். ஆயினும் அந்த மௌனத்துக்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதன்று. ஆசையைப் பற்றிப் பேசுவதே இழிவு என்றானபோது, அதைத் துணிந்து பாடிய மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்ற 1920களின் புளூஸ் பாடகியரை மானத்துக்குக் கேடு என்று சொந்த இனத்தின் நடுத்தர வர்க்கமே முகஞ்சுளித்துப் பார்த்தது.

அடிமைமுறை ஒழிந்த பின்னரும் நீதிமன்றங்களில் பழைய பிம்பம் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 1944இல் அலபாமாவின் அபெவில் ஊரில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரேசி டெய்லர் என்ற இளந்தாயை வெள்ளை இளைஞர்கள் ஆயுதமுனையில் கடத்திக் கூட்டு வன்கொடுமை செய்தனர். பின்னாளில் பேருந்துப் புறக்கணிப்பால் புகழ்பெற்ற ரோசா பார்க்ஸ் நேரில் சென்று விசாரித்து, நாடு முழுவதும் ஆதரவு திரட்டினார். ஆனாலும் டெய்லரின் நடத்தையைப் பற்றிய வதந்திகளே எதிர்வாதமாயின. வழக்குத் தொடரலாமா என்பதை முடிவு செய்யும் நடுவர் குழு இரண்டு முறை கூடியும் எவர்மீதும் குற்றம் சாட்டவில்லை. மாநிலச் சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011இல்.

1970களின் ஹாலிவுட், துப்பாக்கி ஏந்திய பாம் கிரியரை ‘காஃபி’ போன்ற படங்களின் நாயகியாக்கியபோது துணிச்சலான ஒரு கறுப்பினப் பெண் திரைக்குக் கிடைத்தாள். எனினும் கேமரா அவளுடைய துணிச்சலைக் காட்டிலும் உடலையே அதிகம் நாடியது. ‘இன்செக்யூர்’ போன்ற தொடர்களில் கறுப்பினப் பெண்களே கதை எழுதத் தொடங்கிய பிறகு, ஆசைப்பட்டு, தடுமாறி, மனம் மாறும் பெண்களைக் காண முடிகிறது. திரைக்கு வெளியே மாற்றம் இத்தனை விரைவாக இல்லை. ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளி 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே வயதுடைய வெள்ளைச் சிறுமியரோடு ஒப்பிடுகையில் கறுப்பினச் சிறுமியருக்குப் பாதுகாப்பும் ஆதரவும் குறைவாகவே தேவை என்றும், பாலுறவு பற்றி அவர்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும் என்றும் பெரியவர்கள் எண்ணுகிறார்கள். ஐந்து வயதுச் சிறுமியரிடமே இந்த எண்ணம் தொடங்கிவிடுகிறது.

ஓக்லஹோமா நகரக் காவலர் ஒருவர் பணிநேரத்தில் கறுப்பினப் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய வழக்கில் 2015இல் குற்றவாளியெனத் தீர்மானிக்கப்பட்டார். அவருக்கு 263 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போதைப் பழக்கமோ பழைய வழக்குகளோ உள்ள பெண்களைத்தான் அவர் தேடிப்பிடித்தார் என்றும், அவர்கள் சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார் என்றும் அரசுத் தரப்பு எடுத்துக்காட்டியது. அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது, எந்த வழக்கிலும் சிக்காத 57 வயதுப் பாட்டி ஒருவர் உடனடியாகக் கொடுத்த புகார்.