பழவேற்காட்டுச் சேறும் பி.எஸ்சி. வேதியியலும்

பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடிச்சேற்றை ஒரு கை அள்ளினால் கன்னங்கரேல் என்று வரும். முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் வலை கட்டும் எவருக்கும் இது பழகிய சங்கதி. அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு, அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. கடல்நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்தச் சல்பேட்டை எடுத்துக்கொண்டு சல்பைடாக வெளியே விடுகின்றன. சேற்றிலுள்ள இரும்பு அதோடு சேர்ந்து கறுக்கிறது. ஒரு தட்டில் பரப்பிக் காற்றாட வைத்தால் மேல்பரப்பு மெல்லப் பழுப்பாகிவிடும்.

இந்தக் கரைப் பிள்ளைகள் பட்டப்படிப்புக்குப் பொன்னேரிக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். வேதியியல் எடுத்தவர்கள் ஆய்வகத்தில் சந்திக்கும் கிப் கருவிக்குள் கிடப்பதும் இதே இரும்பு சல்பைடுதான். நீர்த்த அமிலம் பட்டதும் கிளம்புவதும் அதே நாற்றம்தான். அந்த வாயுவைக் கரைசலில் செலுத்தி, விழும் வீழ்படிவின் நிறத்தைப் பார்த்து, சால்ட் அனாலிசிஸ் செய்து, ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்பா காலில் ஒட்டி வரும் சேறும் கருவிக்குள் இருக்கும் கறுப்புக் கட்டியும் ஒரே பொருள் என்று சொல்லித்தரும் வகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

வேதியியல் ஏன் மாணவர்களை மிரட்டுகிறது என்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1991இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் பேசப்படுகிறது. வேதியியலுக்கு மூன்று தளங்கள் உண்டு என்றார் அவர்: கண்ணால் பார்க்கும் பொருள்; கண்ணுக்குத் தெரியாத அணு, மூலக்கூறு, அயனி; பிறகு காகிதத்தில் எழுதும் குறியீடும் சமன்பாடும். கைதேர்ந்தவர் மூன்றுக்குமிடையே நினைத்தபடி போய் வருவார். புதிதாகப் படிப்பவரின் மனம் ஒரே நேரத்தில் மூன்றையும் தாங்காது. நம் வகுப்புகளோ மூன்றாவது தளத்தில் தொடங்கி அங்கேயே முடிகின்றன. பள்ளியில் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறுகிறவருக்கு மொழி நான்காவது சுமை.

செய்முறை வகுப்பு இதைச் சரிசெய்ய வேண்டும். நடப்பது வேறு. பியூரெட்டில் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் யாரோ கரைத்து வைத்த உப்பு. விடை என்ன வரும் என்பது ஆய்வக உதவியாளருக்குத் தெரியும், முன் வரிசைக்கும் தெரியும், பத்து நிமிடத்தில் கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும். விடை தெரிந்த கணக்கில் கை பழகலாம், அறிவுக்கு அங்கே வேலை இல்லை.

அதே பியூரெட், அதே பாடத்திட்டம், குடுவையில் மட்டும் ஏரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம்.

பழவேற்காட்டின் உப்பு ஒரு நிலையில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் மற்ற ஆறுகளும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது சில இடங்களில் உப்பே இல்லாத அளவுக்கு இறங்கும். மணல் மேவி முகத்துவாரம் அடைபட்ட கோடையில் லிட்டருக்கு 50 கிராமையும் தாண்டும். கடலின் சராசரியே 35 தான். இறால் வரத்து இந்த ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தது. மீன்பிடி இடங்களைப் பங்கிடும் பாடு முறைப்படி குலுக்கலில் விழுந்த இடத்தில் வலை கட்டுகிறவருக்கு இது வயிற்றுப்பாடு.

இதை அளக்க மோர் முறை போதும்: சில்வர் நைட்ரேட், கொஞ்சம் குரோமேட். கடல்நீரைப் போல உப்புள்ள மாதிரியில் 10 மில்லியை எடுத்து, 0.02 மோலார் சில்வர் நைட்ரேட்டோடு நேரடியாகத் தரம் பார்க்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரு பியூரெட் காலியாகும், இரண்டாவதும் காலியாகும், ஐந்து பியூரெட் தீர்ந்தும் நிறம் மாறாது. 270 மில்லி வேண்டும். அப்போதுதான் ஒரு மாணவி, “முதலில் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்திருக்க வேண்டும்” என்று தானாகச் சொல்வாள். எத்தனை மடங்கு என்று கேட்டால் கணக்குப் போட்டாக வேண்டும். 25 மடங்கு நீர்த்தால் 11 மில்லிக்குச் சற்றுக் குறைவாக முடிகிறது. செறிவுக்கும் கனஅளவுக்குமான சூத்திரம் அதன்பிறகு எந்தத் தேர்விலும் மறக்காது.

அடுத்தது விங்க்லர் முறை, 1888இல் ஹங்கேரியர் ஒருவர் தந்தது. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பது. மீன்வளப் படிப்பில் இது அரிச்சுவடி. பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. படகிலேயே, குமிழி புகாமல் புட்டியை நிரப்பி மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வீழ்படிவு, இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அமிலம் விட்டால் அயோடின் வெளிப்படும். தயோசல்பேட் ஒவ்வொரு சொட்டாக விழ, மஞ்சள் வெளிறும். ஸ்டார்ச் விட்டதும் நீலம், கடைசிச் சொட்டில் நீலம் சட்டென்று மறையும். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று இரண்டு பருவங்களாகக் கரும்பலகையில் எழுதியது முழுவதும் அந்த ஒரு புட்டிக்குள் நடந்து முடிகிறது. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் ஆறு சொச்சம்தான். நான்குக்குக் கீழே போனால் மீன்கள் பலவற்றுக்குத் திண்டாட்டம். ஏன் உப்பும் வெயிலும் ஏறிய தண்ணீரில் மீன் மூச்சுக்குத் தவிக்கிறது என்ற கேள்விக்கு அந்த மாணவி வீட்டிலேயே பதில் சொல்லலாம்.

பாடம் ஊருக்குத் தேவைப்பட்ட இரவு ஒன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குக் கடலடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டை விட்டு ஓடினார்கள். கசிந்த இடத்துக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. அனுமதி 5 மில்லிகிராம். கரை நெடுகக் கிளம்பிய கேள்வி, மீனுக்கு என்ன ஆகும் என்பது. கரைந்த அம்மோனியாவில் ஒரு பகுதி அம்மோனியம் அயனியாகிவிடும், மீனை அதிகம் வதைப்பது அயனியாகாத பகுதிதான். அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பிஎச். 7இல் நூற்றில் ஒரு பங்குகூட இராது. கடலின் 8.1இல் ஐந்தாறு பங்கு. பஃபர் கரைசல் பாடத்தில் மதிப்பெண்ணுக்காக உருப்போடும் ஹெண்டர்சன் சமன்பாடு சொல்வது இதைத்தான்.

சமையற்கட்டிலும் பாடம் உண்டு. நாள்பட்ட மீனின் வீச்சம் பெரும்பாலும் டிரைமெத்தில் அமீன், ஒரு காரம். குழம்பில் புளி கரைத்து ஊற்றியதும் அடங்குவது அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிவிடுவதால்.

இப்படிக் கற்பித்தால் தேர்வில் தேறுவார்களா? மாணவர்களைக் கேட்டுக்கொண்டு மட்டும் இராமல் செய்யவும் விவாதிக்கவும் விடும் வகுப்புகளைப் பற்றி ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமனின் குழு 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் தோல்வி, மற்ற வகுப்புகளில் 22. அவை அறிவியலும் பொறியியலும் கலந்த வகுப்புகள், பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகள். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். திசை சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் தடைகள் போலியல்ல. சில்வர் நைட்ரேட் விலை கூடியது, குரோமேட் நச்சு. சாக்கடையில் கொட்டக் கூடாது. சேற்றில் அமிலம் விட்டுப் பார்ப்பதென்றால் புகைபோக்கி அறையில், துளி அளவில் மட்டும். அளவைக் குறைத்துச் செய்யும் நுண்ணளவுச் செய்முறை இதற்கெல்லாம் ஓரளவு வழி. பெரிய தடை மதிப்பெண். ஏரித் தண்ணீருக்குச் ‘சரியான விடை’ கிடையாது, எதை வைத்துத் திருத்துவது? மூன்று முறை பார்த்த அளவுகள் எவ்வளவு நெருங்கி வந்தன, பிழை எங்கே நுழைந்திருக்கும் என்று மாணவர் எழுதியதற்கு மதிப்பெண் போடலாம். அதைத் திருத்த நேரம் கூடத்தான் ஆகும்.

பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை மாற்றும் வரை வேதியியல் துறைகள் காத்திருக்க வேண்டாம். வரும் பருவத்தில் ஒரே ஒரு செய்முறை வகுப்புக்கு இந்தக் கரை மாணவர்களிடமே இரண்டு புட்டி கொடுத்தனுப்புங்கள்: ஒன்று முகத்துவாரத்தில், ஒன்று ஏரியின் உட்பக்கம். மழை நின்றதும் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை எடுத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.