சுவருக்குள் ஓர் அறை

அமெரிக்கச் சாலைகளில் சிறப்பு அனுமதியின்றி ஓடும் பெரிய வாகனங்களுக்கு 102 அங்குலம், அதாவது எட்டரை அடி, என்பதே பொதுவான அகல வரம்பு. நீளத்தில் 40 அடியையும் தாண்டி வளர முடிந்த மோட்டார் ஹோம், அகலத்தில் இந்த வரம்புக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டியிருப்பதால், இரு பக்கச் சுவர்களின் தடிமன் போக உள்ளே எஞ்சுவது ஏறத்தாழ எட்டு அடிதான். அதில் ஒரு பக்கம் சோபாவையும் மறுபக்கம் சமையல் மேடையையும் அமைத்துவிட்டால், நடுவில் ஒருவர் நடக்கும் அளவுக்கே வழி மிஞ்சும், எதிரே மற்றொருவர் வந்தால் இருவரில் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஓடும்போது ஓர் அகலமும் நிற்கும்போது வேறோர் அகலமும் கொண்ட வண்டியைச் செய்ய முடிந்தால் இந்த நெருக்கடி தீரும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததே ஸ்லைடு-அவுட் என்னும் அமைப்பு.

மோட்டார் ஹோம் என்பது எஞ்சின், ஓட்டுநர் இருக்கை, வாழ்விடம் ஆகிய மூன்றும் ஒரே உடலில் அமைந்த ஊர்தி. தமிழ்நாட்டில் படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்களை அதன் நெருங்கிய உறவாகக் கொள்ளலாம். ஆனால் அமெரிக்காவில் அது நடிகர்கள் இளைப்பாறும் இடமாக மட்டும் இல்லாமல், விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோருக்கும், பணி ஓய்வு பெற்றபின் மாதக்கணக்கில் அதிலேயே குடியிருக்கும் தம்பதியருக்கும் உரிய வீடாக விளங்குகிறது. ஸ்லைடு-அவுட் என்பது அந்த வீட்டின் பக்கச் சுவரில் ஒரு பகுதியை, அதனோடு சேர்ந்த தரை, கூரை, அறைகலன்கள் எல்லாவற்றுடனும், மேசையின் இழுப்பறையைப் போல வெளியே தள்ளுவது. பயணத்தில் அது உள்ளே ஒடுங்கியிருக்கும். வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் இரண்டு அல்லது மூன்று அடி வெளியே நீளும். வினபாகோ நிறுவனம் 1966-இல் அயோவா மாநிலத்தில் மோட்டார் ஹோம் தயாரிக்கத் தொடங்கியபோதும், 1973 முதல் 1978 வரை ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கரங்களால் இயங்கும் தன் மோட்டார் ஹோம்களை விற்றபோதும் அவற்றின் சுவர்கள் அசையாச் சுவர்களே. 1990-இல் ஸ்லைடு-அவுட்டை இத்துறைக்குள் கொண்டுவந்த பெருமை இண்டியானா மாநிலத்து நாப்பனீ ஊரைச் சேர்ந்த நியூமார் நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது. அதன்பின் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இறுதியில் ஓட்டுநர் பக்கத்துச் சுவரின் பெரும்பகுதி ஒரே துண்டாக வெளியேறும் ‘முழுச்சுவர் ஸ்லைடு’ என்னும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது.

கிடைக்கும் இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த வளர்ச்சியின் காரணம் விளங்கும். 14 அடி நீளமுள்ள ஒரு ஸ்லைடு இரண்டரை அடி வெளியே நீண்டால் 35 சதுர அடி கூடுகிறது. 25 அடி நீளமுள்ள முழுச்சுவர் ஸ்லைடு அதே தொலைவு நீண்டால் 62 சதுர அடிக்கு மேல், அதாவது எட்டுக்கு எட்டு அளவிலான ஒரு சிற்றறைக்குச் சற்றே குறைவான பரப்பு கிடைக்கிறது. ஒரு வீட்டில் இது பெரிதாகத் தோன்றாது. எட்டு அடி அகலத்தில் வாழ்வோருக்கு இது வாழ்க்கையின் தன்மையையே மாற்றுகிறது. கூடுவது முழுவதும் நடைவழியின் அகலமாகவே கூடுகிறது என்பதே இதன் சிறப்பு: சோபாவும் சாப்பாட்டு மேசையும் சுவரோடு சேர்ந்து வெளியே நகர்ந்துவிடுவதால், முன்பு அவை அடைத்திருந்த இடம் வெறுந்தரையாகிறது. கட்டிலின் இருபுறமும் இறங்க முடிகிறது, மழை நாளில் குழந்தைகள் தரையில் விளையாட முடிகிறது, சக்கர நாற்காலியில் இருப்பவர் திரும்ப முடிகிறது. உடல் தளர்ந்த முதியவர் ஒருவருக்கு, இரவில் துணைவரின் மேல் ஏறிக் கடக்காமல் கழிப்பறைக்குச் செல்ல முடிவது சிறிய வசதி அன்று. ஸ்லைடுகளை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வசதிக்கான விலை முதலில் எடையாக வருகிறது. வெளியே நகரும் அறைக்குத் தனித் தரை, தனிக் கூரை, இரு பக்கச் சுவர்கள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள், தள்ளும் பொறி ஆகியவை வேண்டும். அசையாச் சுவருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. வண்டியின் சேஸிஸ், அதாவது எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டகம், இவ்வளவு எடையைத்தான் சுமக்கும் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். வண்டியின் சொந்த எடை கூடக் கூட, குடும்பம் ஏற்றிச் செல்லக்கூடிய ஆட்கள், தண்ணீர், துணிமணி, பாத்திரங்களுக்கான பங்கு குறைகிறது. ஒரு கேலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல் எடையுள்ளது என்பதால், 100 கேலன் தொட்டி நிரம்பினாலே 800 பவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 380 கிலோ, போய்விடும். ஆகவே வண்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும் சுமைத் திறன் அறிவிப்பைப் படிக்காமல், விரிந்த கூடத்தின் அழகில் மயங்கி வாங்குவோர், அலமாரிகள் பாதி காலியாக இருக்கும்போதே வரம்பைத் தொட்டுவிடுவதும் உண்டு.

எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அதனினும் முக்கியமானது. அமெரிக்க வண்டிகளில் வாசற்படியும் வெளிமுற்ற நிழல் துணியும் வலப்பக்கம் அமைவதால், முழுச்சுவர் ஸ்லைடு பெரும்பாலும் இடப்பக்கமாகிய ஓட்டுநர் பக்கத்தில் அமைகிறது. குளிர்பதனப் பெட்டி, அடுப்பு, சோபா என்று கனமானவை பலவும் அதிலேயே ஏறிக்கொள்கின்றன. இத்தகைய வண்டியை ஒட்டுமொத்தமாக எடை போட்டால் குறை எதுவும் தெரியாமல், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே எடை போடும்போது மட்டும் ஒரு பக்கத்து டயர்கள் தம் அளவுக்கு மீறிச் சுமப்பது வெளிப்படலாம். டயரின் காற்றழுத்தம் அது சுமக்கும் எடைக்கு ஏற்ப வைக்கப்பட வேண்டியது என்பதால், நெடுஞ்சாலை வேகத்தில் முன்டயர் வெடித்தால் நேரும் ஆபத்தை எண்ணி, பெரிய ஸ்லைடு உள்ள வண்டியைச் சக்கரம் சக்கரமாக எடை போட்டே ஓட்டத் தொடங்க வேண்டும் என்பதை ஓர் அறிவுரையாக அன்றி, கட்டாயமாகவே கொள்வது நல்லது.

சுவரை வெட்டுவதால் வண்டியின் உறுதிக்கு நேர்வதை ஒரு தீப்பெட்டியைக் கொண்டு விளக்கலாம். தீப்பெட்டியின் வெளிக்கூடு நான்கு பக்கமும் மூடியிருக்கும் வரை முறுக்கினாலும் வடிவம் மாறாது. அதன் ஒரு பக்கத்தில் நீளச் சன்னல் வெட்டிவிட்டால் இலேசாக முறுக்கினாலே கோணலாகும். மோட்டார் ஹோமின் சுவரும் கூரையும் தரையும் சேர்ந்தே வண்டியின் விறைப்பைத் தருகின்றன. 25 அடிக்கு வாய் பிளந்த சுவர் அந்தப் பணியைச் செய்ய இயலாது. எனவே நல்ல தயாரிப்பாளர்கள் திறப்பின் மேலும் கீழும் கூடுதல் உருக்குச் சட்டங்களை வைத்து ஈடு செய்கின்றனர், அதனால் எடை மேலும் கூடுகிறது; செலவைக் குறைக்க எண்ணும் தயாரிப்பில் அந்தச் சட்டங்கள் குறைந்துபோக, மேடுபள்ளச் சாலைகளில் சட்டகம் முறுக முறுகத் திறப்பின் சதுரம் சிறுகச் சிறுகக் கோணலாகிறது. உருண்டையான அலுமினியக் கூட்டையே தன் வலிமையாகக் கொண்ட ஏர்ஸ்ட்ரீம் இழுவை வண்டிகளில் ஸ்லைடு-அவுட் மிக அரிதாகவே காணப்படுவது இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது.

அறையைத் தள்ளும் பொறிகள் பலவகைப்படும். தரைக்கு அடியில் பற்கள் வெட்டிய இரும்புச் சட்டத்தை மோட்டாரால் சுழலும் பற்சக்கரம் நகர்த்துவது ஒரு வகை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் உருளை தள்ளுவது மற்றொரு வகை. நான்கு மூலைகளிலும் கம்பி வடங்கள் கட்டி இழுப்பதும், திறப்பின் இரு பக்கவாட்டிலும் சுவருக்குள்ளேயே சிறு மோட்டார்களும் பற்பாதைகளும் வைப்பதும் வேறு இரு வகைகள். கடைசியாகச் சொன்ன முறையில் எடை குறைவு, தரைக்கு அடியில் இடமும் மிச்சம். ஆனால் இரு பக்க மோட்டார்களும் ஒரே கதியில் ஓட வேண்டியிருப்பதால், ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் அறை குறுக்காக இறுகி நின்றுவிடும். சிறிய, இலேசான படுக்கையறை ஸ்லைடுக்குப் பொருந்தும் இந்தப் பொறியை, குளிர்பதனப் பெட்டியையும் அடுப்பையும் சுமக்கும் பெரிய ஸ்லைடில் காண நேர்ந்தால் வாங்குவோர் தயங்குவதில் நியாயம் உண்டு.

இவை எல்லாவற்றையும் விடக் கவலை தருவது தண்ணீர். அசையாச் சுவர் ஒருமுறை ஒட்டி மூடப்பட்டது. ஸ்லைடைச் சுற்றியுள்ள இடைவெளியோ ஒவ்வொரு முறையும் திறந்து மூடப்படுவது, அதைக் காப்பவை ரப்பர் பீடிங்குகள் மட்டுமே. அறை முழுதும் உள்ளே இருக்கும்போதும், முழுதும் வெளியே இருக்கும்போதும் நசுங்கி இடைவெளியை அடைக்கும் குழல் வடிவப் பீடிங்குகளும், நகரும்போது சுவரிலும் கூரையிலும் படிந்த நீரை வழித்தெடுக்கும் நாக்கு வடிவப் பீடிங்குகளும் உண்டு. அரிசோனாவின் வெயிலில் ரப்பர் வறண்டு வெடிக்கும். பைன் மரத்தடியில் நிறுத்தினால் ஊசியிலைகளும் பிசினும் ஸ்லைடின் கூரையில் சேர்ந்து, உள்ளே இழுக்கும்போது பீடிங்கைக் கிழிக்கும் அல்லது மடக்கும். ஸ்லைடின் நீளம் இரட்டித்தால் பீடிங்கின் நீளமும் ஏறத்தாழ அதற்கேற்பக் கூடுகிறது, நடுவில் கூரை சற்றே தொய்வதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே பெரிய ஸ்லைடின் ஒழுகல் சிறிய ஸ்லைடின் ஒழுகலை விடப் பெரியதாக இருப்பது இயல்பே.

இதற்கு மருந்தாக ஸ்லைடின் கூரைக்கு மேல் ஒரு துணி விரிப்பைப் பொருத்துவதுண்டு; அறை வெளியே வரும்போது அது தானாகவே சுருளிலிருந்து விரிந்து இலைதழைகளைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பலத்த மழையில் அதன் நடுவில் நீர் குளமாகத் தேங்குவதும், காற்றடிக்கும் இரவில் அது படபடத்துத் தூக்கத்தைக் கெடுப்பதும் உண்டு என்பதால், புயல் வரும் என்று தெரிந்தால் ஸ்லைடையே உள்ளே இழுத்துக்கொண்டு படுப்போரும் இருக்கின்றனர். உள்ளே நுழையும் நீர் கூரையிலிருந்து சொட்டினால் நல்லது, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும்; பெரும்பாலும் அது ஸ்லைடின் தரையோரத்தில் வெட்டிய ப்ளைவுட்டின் விளிம்பு வழியே ஊறி, ஓதமேறி, வெளியே பளபளக்கும் கண்ணாடியிழைச் சுவர் பளபளத்துக்கொண்டே இருக்க, உள்ளே மரத்தைப் பஞ்சாக்கிவிடுகிறது. குளிரும் இதே வழியைத் தேடி வருகிறது: ஸ்லைடின் தரைக்குக் கீழே வெறுங்காற்றே இருப்பதாலும், சூட்டுக் காற்றுக் குழாய்களை நகரும் அறைக்குள் கொண்டுபோவது எளிதல்ல என்பதாலும், வடமாநிலக் குளிர்காலத்தில் சோபாவில் உட்கார்ந்திருப்பவரின் கால்கள்தான் முதலில் சில்லிடும்.

பொறி பழுதானால் அதன் விளைவு மற்றக் கருவிகளின் பழுதைப் போன்றதன்று. வெளியே நீண்ட ஸ்லைடுடன் சாலையில் ஓட்ட முடியாது. உள்ளே இழுக்க முடியாத அறை முழு வண்டியையும் அங்கேயே கட்டிப்போட்டுவிடும். பல பொறிகளில் கையால் சுழற்றியோ, வால்வைத் திறந்துவிட்டோ இழுக்கும் மாற்று வழி உண்டு. அது எங்கே உள்ளது என்பதை வண்டி வாங்கிய நாளிலேயே செய்து பார்த்து அறிந்திராதவர் மழையிலும் இருட்டிலும் தேட நேரிடும். 12 வோல்ட் பேட்டரி சோர்ந்திருக்கும்போது கனமான ஸ்லைடை இயக்குவது மோட்டாரை வருத்துகிறது. வண்டியை ஜாக்கிகளால் சமன் செய்தபின் ஸ்லைடை நீட்டுவதா, நீட்டியபின் சமன் செய்வதா என்பதில் தயாரிப்பாளர்கள் வேறுபடுவதால், அந்தந்த வண்டியின் கையேடே இதில் இறுதிச் சொல்.

நிறுத்துமிடமும் தன் பங்குக்குக் கணக்குக் கேட்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் அரசுக் காடுகளிலும் உள்ள முகாம்களில் பல 1930-களில் உருவானவை. தாவர நோயியல் அறிஞரான எமிலியோ மைனெக்கே, வண்டிகள் கண்ட இடத்தில் ஏறி மரவேர்களை நசுக்காதபடி, ஒருவழிப் பாதையும் அதிலிருந்து பிரியும் குறுகிய நிறுத்தத் தடங்களும் கொண்ட அமைப்பை வகுத்தார், அது பரவலாகப் பின்பற்றப்பட்டது. அக்காலக் கார்களுக்காக, மரங்களைக் காக்கும் நோக்கத்தோடு அமைந்த தடத்தில் மூன்றடி நீளும் 25 அடிச் சுவருக்கு இடம் தேடுவது கடினம். அடிமரத்துக்கோ கற்பாறைக்கோ இடிக்குமானால் அறை மூடியபடியே இருக்க வேண்டியதுதான். சிறிய ஸ்லைடு என்றால் வண்டியை நாலடி முன்பின் நகர்த்தி மரத்தைத் தப்பிக்கலாம். ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டுவதற்கு 3.5 டன் எடை வரம்பு நெடுங்காலமாக இருந்துவருவதாலும், சாலைகள் குறுகியவை என்பதாலும், ஸ்லைடு-அவுட் அங்கே வேரூன்றவே இல்லை.

ஆகவே வாங்குவோர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, வண்டி ஆண்டில் எத்தனை நாள் ஓடும், எத்தனை நாள் நிற்கும் என்பதுதான். குளிருக்குத் தப்பி டெக்சாஸின் தென்கோடிக்கோ அரிசோனாவுக்கோ வந்து, ஒரே முகாமில் நான்கைந்து மாதம் தங்கும் வடமாநில முதியவர்களுக்கு முழுச்சுவர் ஸ்லைடு தகுந்ததே. அவர்கள் அதை ஒரு பருவத்துக்கு ஒருமுறை நீட்டி ஒருமுறை மடக்குகின்றனர், நகர்வால் பொறியும் பீடிங்கும் தேய வழி குறைவு, கூடும் பரப்போ ஒவ்வொரு நாளும் பயன்படுகிறது. இரண்டு நாளுக்கு ஓரிடம் என்று சுற்றும் குடும்பத்துக்கு, வரவேற்பறையில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றுமாக இரு சிறு ஸ்லைடுகள் போதும்; ஒன்று உள்ளேயே சிக்கி நீள மறுத்தாலும் மற்றொன்றில் காலம் தள்ளலாம்.

விற்பனைக் கூடங்களில் இவ்வண்டிகள் பெரும்பாலும் எல்லா ஸ்லைடுகளும் விரிந்து, விளக்குகள் எரிய வரவேற்கின்றன. அங்கே கேட்க வேண்டியது அவற்றை மூடிக் காட்டச் சொல்வதே. நெடும்பயணத்தில் சாலையோர ஓய்விடத்திலோ, அனுமதிக்கும் கடையின் வாகன நிறுத்தத்திலோ ஓரிரவு தங்கும்போது அறையை நீட்டாமல் இருப்பதே வழக்கமான மரியாதை. அந்த இரவில் கழிப்பறைக் கதவு திறக்குமா, குளிர்பதனப் பெட்டியை எட்ட முடியுமா, கட்டிலில் இருவர் படுக்க முடியுமா என்பவற்றை மூடிய வண்டிக்குள் நின்றுதான் அறிய முடியும். பழைய வண்டியானால், அறையை இருமுறை நீட்டி மடக்கி இருபுறமும் ஒரே சீராக நகர்கிறதா என்று கேட்டும் பார்த்தும் அறிந்தபின், வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்லைடின் தரையோரங்களைப் பார்த்து, உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு மூலைகளையும் குதிகாலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மூலை அமுங்கினால், தண்ணீர் அங்கே ஏற்கெனவே குடிவந்துவிட்டது என்று பொருள்.