செட்டிங்ஸ் பைல் எந்த போல்டரிலிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே பலருக்கும் சொந்தமாக ஒரு வெப் பக்கம் அமைத்துப் பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. குடும்பத்தின் ஜவுளிக் கடைக்கு ஒன்று, வீட்டில் நடக்கும் டியூஷனுக்கு ஒன்று என இரண்டு பக்கங்களை அமைக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். இரண்டிலும் போன் நம்பரைக் காட்டும் வேலையை ஒரே ஜாவா ஸ்கிரிப்ட் பைலிடம் விட்டுவிடலாம். இப்படிப் பல பக்கங்கள் பகிர்ந்து கொள்ளும்படி எழுதப்படும் பைலை மாட்யூல் என்கிறோம். இதற்கான விதிகள் 2015ல் வகுக்கப்பட்டன. குரோம் பிரவுசர் 2017லும், பயர்பாக்ஸ் 2018லும் இவற்றை ஏற்றுக் கொண்டன.

நம்பரை மாட்யூலுக்குள் எழுதாமல், தனியே ஒரு செட்டிங்ஸ் பைலில் வைப்பது நல்லது. நம்பர் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது.

கடை, டியூஷன், பொது என மூன்று போல்டர்கள் இருக்கின்றன. மாட்யூலும் செட்டிங்ஸ்.ஜேசன் பைலும் "பொது" போல்டரில் உள்ளன. மாட்யூலில் "பெட்ச்" கட்டளை கொடுத்து, பைலின் பெயரை மட்டும் எழுதுகிறீர்கள். அருகிலேயே இருக்கும் பைல்தானே, எடுத்துக் கொள்ளும் என்று நினைப்போம். எடுக்காது. பெட்ச் கட்டளை, மாட்யூல் இருக்கும் போல்டரைப் பார்ப்பதில்லை. திறந்திருக்கும் பக்கம் எங்கு உள்ளதோ அங்கேதான் தேடும். கடைப் பக்கத்தைத் திறந்தால், "கடை" போல்டரில் தேடிவிட்டு 404 என்று பிழை காட்டும். இதுவாவது பரவாயில்லை. எப்போதோ காப்பி செய்த பழைய செட்டிங்ஸ்.ஜேசன் அங்கே கிடந்தால், சத்தமில்லாமல் அதனை எடுத்துக் கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. கடைக்கு வர வேண்டிய அழைப்புகள், நீங்கள் கைவிட்ட நம்பருக்குப் போய்க் கொண்டிருக்கும்!

எளிய வழி, செட்டிங்ஸ் பைலையும் ஜாவா ஸ்கிரிப்ட் பைலாகவே எழுதி, "இம்போர்ட்" கட்டளையால் அழைப்பது. இக்கட்டளை மாட்யூல் இருக்கும் இடத்திலிருந்தே தேடும். பைல் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் ஸ்லாஷும் கட்டாயம் வேண்டும். ஜேசன் பைல்தான் வேண்டும் என்பவர்கள், "இம்போர்ட்.மெட்டா.யுஆர்எல்" மூலம் மாட்யூலின் முகவரியைப் பெற்று, அதிலிருந்து பைலின் முழு முகவரியை அமைத்து, பெட்ச் கட்டளைக்குத் தரலாம்.

எந்த பைல் வந்தது என்று அறிய, பிரவுசரில் எப்12 கீயை அழுத்தி, நெட்வொர்க் டேபில் கிளிக் செய்து, பக்கத்தை ரெப்ரெஷ் செய்திடவும். செட்டிங்ஸ் பைலின் மீது கிளிக் செய்தால் அதன் முழு முகவரி கிடைக்கும்.

எச்.டி.எம்.எல். பைலை டபுள் கிளிக் செய்து திறந்தால், குரோம் மாட்யூலை இயக்காது. விஷுவல் ஸ்டுடியோ கோட் புரோகிராமில் லைவ் சர்வர் என்னும் எக்ஸ்டென்ஷனை இன்ஸ்டால் செய்து, அதன் மூலம் திறந்திடுங்கள். வீட்டில் ஓடிய பக்கம் சர்வரில் ஓடவில்லையா? பைல் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறு பைலாகவே எடுத்துக் கொள்ளும்.

இன்னொன்று. பிரவுசருக்கு வரும் செட்டிங்ஸ் பைலை, பக்கத்தைப் பார்க்கும் எவரும் திறந்து படிக்க முடியும். போன் நம்பர் இருக்கலாம். பாஸ்வேர்ட் வேண்டவே வேண்டாம்.