சும்மா நிற்கும் கார் ஏன் உறுமுகிறது?

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு மலையிறங்கும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் உறுமினால் பிரேக்குக்குத்தான் கூடுதல் வேலை. ஏன் உறுமுகிறது?

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே நுழையும் காற்று. சூடேறியபின் நியூட்ரலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்று போதும். மலைக்குளிரில் ஸ்டார்ட் செய்ததும் 1,200-ஐத் தொடுவது கோளாறல்ல. சூடேறியும் இறங்காவிட்டால்தான் தேட வேண்டும்.

முதலில் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருக்கிறதா பாருங்கள். அடுத்து வேக்குவம் ஹோஸ். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு அப்பால், இந்த ஹோஸ் சேரும் இடத்தில், காற்றழுத்தம் குறைவு. ரப்பர் வெடித்திருந்தால் கூடுதல் காற்று திருட்டுத்தனமாக நுழையும். பல கார்களில் கம்ப்யூட்டரும் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிவிடும். 'உஸ்' சத்தம் காட்டிக்கொடுக்கும். ஹோஸை நசுக்கியதும் சுற்று இறங்கினால் திருடன் அங்கேதான். இல்லையென்றால் கரி படிந்த த்ராட்டில், சும்மா நிற்கும்போது காற்றை விடும் ஐடில் வால்வு, குளிர்ந்திருப்பதாகவே பொய் சொல்லும் வெப்ப சென்சார். காரணம் தெரியாமல் ஐடில் ஸ்க்ரூவைத் திருகுவது வைத்தியமல்ல.